கரிசல் புஞ்சையில் காட்டுப்பன்றி: சேதத்தின் அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்தில் ‘காடு’ என்றால் புஞ்சை என்றே பொருள். மரம் அடர்ந்த காட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் இந்தக் காடுகளில்தான் இன்று காட்டுப்பன்றி நிலையாகத் தங்கிவிட்டது. கண்மாய் உள்வாயிலும் ஓடைக்கரையிலும் மண்டிய சீமைக்கருவேலம் அதற்குப் பகல் நேர மறைவாகிறது. புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் மானாவாரி மக்காச்சோளமும் கடலையும் இரவு நேர இரையாகின்றன. சோலார் மின்வேலிகளைச் சரிசெய்யப் போய்வந்த நிலங்களில் நான் கண்டவரை, கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. செலவு மட்டும் நிலத்துக்கு நிலம் கூடிக்கொண்டே போகிறது. பன்றி எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்க்காமலேயே பணத்தைப் போடுவதுதான் அதற்குக் காரணம்.

ஆகவே, உங்கள் நிலத்தில் காணும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகவும். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாமல் முடியும் சோதனை முதலிலும், செலவு பிடிக்கும் வேலை பின்னாலும் சொல்லப்பட்டுள்ளன.

## அறிகுறி 1: விதைத்த சில நாட்களில் சால் நெடுகிலும் மண் கிளறப்பட்டிருக்கிறது

### முதலில், பன்றிதானா என்று பார்க்கவும்

விதை போன நிலத்தில் பழி முதலில் பன்றி மேல்தான் விழும். பாதி நேரம் அது உண்மையாக இருப்பதில்லை. மயில் பகலில் மேயும். மேலாகச் சீய்த்து விதையைப் பொறுக்கும். முளைத்த நாற்றின் நுனியைக் கொத்தும். மூன்று விரல் தடம் தெளிவாகப் பதிந்திருக்கும். வரப்பெலியாக இருந்தால் விதைத்தோல் வளை வாசலில் குவிந்திருக்கும். முள்ளம்பன்றி தனித்தனிக் குழியாகத் தோண்டும்; கிழங்கிலும் கன்றின் அடித்தண்டிலும் உளி வைத்துச் செதுக்கியது போன்ற பல்தடம் இருக்கும்; உதிர்ந்த முள் ஒன்றாவது அருகில் கிடைக்கும்.

காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைத் தள்ளிக்கொண்டே நடக்கும். அதனால் சாலோடு சாலாக, ஏர் ஓட்டியது போல, மண் ஒரு பக்கமாகப் புரண்டு கிடக்கும். ஈரமண்ணில் அதன் தடம் மானின் தடத்தைவிட அகலமாக, முனை மழுங்கி இருக்கும். இரண்டு குளம்புகளுக்கும் பின்னால், சற்று வெளிப்பக்கமாக, இரண்டு சிறு பொட்டுகள் பதிந்திருக்கும். மான் தடத்தில் அந்தப் பொட்டுகள் பெரும்பாலும் விழுவதில்லை.

தடம் தெளிவாக இல்லையென்றால், மாலையில் வரப்போரமாக ஒரு முழ அகலத்துக்கு மண்ணைப் பொடித்துச் சமப்படுத்தி, மேலே அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு, விடிந்ததும் வெயில் ஏறும் முன் போய்ப் பார்க்கவும். நிலத்தைச் சுற்றிலும் இதை இரண்டு நாள் செய்தால், வந்த விலங்கு எது என்பதோடு எந்த வழியாக வந்தது என்பதும் தெரிந்துவிடும். பத்து ஏக்கர் நிலத்திலும் பன்றி இரண்டு மூன்று இடங்களில்தான் நுழையும். பழகிய பாதையை அது எளிதில் மாற்றாது. இந்த இடங்களைக் குச்சி ஊன்றி அடையாளம் செய்துகொள்ளாமல் அடுத்த வேலை எதையும் தொடங்க வேண்டாம்.

### பன்றிதான் என்றால்

முளைப்பு வரும் வரையிலான பத்து, பன்னிரண்டு நாட்களே ஆபத்தானவை. அந்த நாட்களில் நுழைவிடங்களில் மட்டும் இரவுக் காவல் போதும். விதைப்பெட்டி நிரப்பும்போது நிலத்தின் தலைமாட்டில் சிந்திய விதையை மூடாமல் விட்டுவிடக் கூடாது. அந்த வாசனையே முதல் அழைப்பு. பக்கத்து நிலங்களும் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பரவலாகிக் குறையும். தனியாக முந்தி விதைத்தவர் நிலத்தில்தான் கூட்டம் முழுவதும் இறங்கும்.

## அறிகுறி 2: மக்காச்சோளத் தட்டைகள் சாய்ந்து, கதிர் தின்னப்பட்டிருக்கிறது

### தட்டை நிற்கிறது, கதிரின் நுனி மட்டும் போயிருக்கிறது

இது கிளியின் வேலை. பன்றிக்காகச் செய்யும் எதுவும் இதற்கு உதவாது.

### ஓரங்களில் ஒன்றிரண்டு தட்டைகள் மட்டும் வளைந்துள்ளன

நரியாக இருக்கலாம். நரி ஒரு தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடித்துவிட்டுப் போய்விடும். சுற்றிலும் மிதிபட்ட தடம் இருக்காது.

### நடுநிலத்தில் களம்போல் வட்ட வட்டமாக மிதிபட்டுள்ளது

இது பன்றிக் கூட்டம். பெட்டைகளும் குட்டிகளும் சேர்ந்து மேயும்போது, தின்பதைவிடச் சாய்த்து மிதித்து வீணாக்குவதே அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் பயிர் முழுசாக நிற்பதுபோல் தெரியும் என்பதால், விதைத்து இரண்டு மாதம் கடந்து கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து வாரம் இருமுறை நிலத்தின் குறுக்கே நடந்து பார்த்தே ஆக வேண்டும். ஒரு முறை பால் கதிரைச் சுவைத்துவிட்ட கூட்டம், அறுவடை வரை அந்த நிலத்தை விடாது.

செய்ய வேண்டியவற்றில் செலவே இல்லாதது, நிலத்துக்கும் புதருக்கும் நடுவே வெளியை உண்டாக்குவது. கருவேலம் வரப்பு வரை வந்து நிற்கும் நிலத்தில், நுழைவிடத்தைச் சுற்றி இருபது, முப்பது அடிக்கு வெட்டித் துப்புரவாக்கினால், திறந்த வெளியைக் கடக்கப் பன்றி தயங்கும். அது மட்டுமே போதாது. ஆனால் அது இல்லாமல் செய்யும் மற்றவை பாதிதான் பலிக்கும்.

அடுத்தது ஓரப்பயிர். மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக நான்கு வரிசை ஆமணக்கு விதைப்பது ஆய்வு நிலையங்களும் பரிந்துரைக்கும் முறை. ஆமணக்கைப் பன்றி தின்பதில்லை. அதன் வாடை உள்ளிருக்கும் கதிரின் வாடையை ஓரளவு மறைக்கிறது. மக்காச்சோளத்தோடு சேர்த்தே விதைத்தால்தான் கதிர் பிடிக்கும் நேரத்தில் அது ஆள் உயரத்துக்கு வந்திருக்கும். சேதத்தைப் பார்த்த பிறகு விதைப்பதில் பயனில்லை.

சேதம் நடந்துவிட்டால், சாய்ந்த தட்டைகளை அப்புறப்படுத்துமுன் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளவும். அடங்கல் (பயிர் விவரம் பதியும் கிராமக் கணக்கு) நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கி வைக்கவும். அலுவலர்கள் சேர்ந்து கூட்டாய்வுக்கு வருவதற்குள் அறுத்துவிட்டால் இழப்பீட்டு மனு அதோடு நின்றுவிடும். வெறும் நிலத்தைப் பார்த்து எந்த அலுவலரும் கையெழுத்துப் போடமாட்டார்.

## அறிகுறி 3: சேலை கட்டியும் மருந்து தெளித்தும் சில நாட்களில் மீண்டும் வருகிறது

இது கோளாறு அன்று. அந்த முறைகளின் ஆயுள் அவ்வளவுதான். பழைய சேலையும், சலூனிலிருந்து அள்ளி வந்த தலைமுடியும், விட்டு விட்டு எரியும் விளக்கும், ஒலிபெருக்கியில் நாய் குரைப்பதும் பன்றிக்குப் புதியவை என்பதால்தான் வேலை செய்கின்றன. தீங்கில்லை என்று அது தெரிந்துகொள்ளப் பத்து நாள் ஆகலாம். கூட்டத்தில் வயதான பெட்டை ஒன்று இருந்தால் அதற்கும் முன்பே தெரிந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டித் தீர்த்துவிடாமல், கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, வாரத்துக்கு ஒன்று என மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம். ஆபத்தான காலமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

வாடையால் விரட்டும் மருந்துகள் பலிக்கவில்லை என்றால், முதலில் மழையைப் பார்க்கவும். மார்கழித் தூறலோ, பனி ஈரமோ பட்டால் கயிற்றில் ஊறவைத்த வாடை போய்விடும். திரும்ப ஊறவைத்தே ஆக வேண்டும். அடுத்து, கயிற்றின் உயரத்தைப் பார்க்கவும். பெரும்பாலோர் இடுப்பு உயரத்தில் கட்டுகிறார்கள். பன்றியின் மூக்கு இருப்பது ஓர் அடி உயரத்தில்.

ஃபோரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையைச் சிறு பையில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2020 டிசம்பரோடு அதன் பயன்பாடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. கைவசம் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கியையும் தொட வேண்டாம். வெடிக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தவர்களின் கண்கள் போயிருக்கின்றன.

## அறிகுறி 4: சோலார் மின்வேலி இருந்தும் பன்றி உள்ளே வருகிறது

என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் இந்தத் தலைப்பின் கீழ் வருகிறவர்கள்தான். வேலிக் கம்பிக்கு மின்சாரத்தைத் துடிப்பாக விடும் பெட்டியைத்தான் இங்கே இயந்திரம் என்கிறோம். ‘இயந்திரம் கெட்டுவிட்டது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் இயந்திரம் நன்றாக இருக்கும். எனவே இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடுமுன், கீழே உள்ள கிளைகளில் உங்களுடையது எது என்று பார்க்கவும். மின்வேலிக்கென்று உள்ள வோல்ட் மீட்டர் ஒன்று அவசியம். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் டெஸ்டரால் வேலியின் மின்னழுத்தத்தை அளக்கக் கூடாது.

### 4-அ: இயந்திரத்தில் ‘டிக்’ ஒலியே இல்லை

பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுடுநீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்கவும். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். பிறகு ஃபியூஸைப் பார்க்கவும். அதுவும் நன்றாக இருந்தால் பேட்டரியின் அழுத்தத்தை அளக்கவும்: 12 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும்போது 12.6 அளவில் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி காலி, 11.8-க்குக் கீழே போயிருந்தால் இயந்திரம் ஓடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒலி இல்லையென்றால், பெரும்பாலும் ஐப்பசி இடியில் இயந்திரம் அடிபட்டிருக்கும். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மின்தேக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொழில்நுட்பரிடம் கொடுக்க வேண்டிய இடம் இது. இடி இடிக்கத் தொடங்குமுன் வேலிக் கம்பியை இயந்திரத்திலிருந்து பிரித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் செலவு வராது.

### 4-ஆ: மாலையில் வேலை செய்கிறது, பின்னிரவில் நின்றுவிடுகிறது

விடிந்து பார்க்கும்போது வெயில் பட்டு மீண்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இந்தக் கோளாறு கண்ணில் படாமல் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. சந்தேகம் இருந்தால் அதிகாலை நான்கு மணிக்குப் போய் ஒருமுறை அளந்து பாருங்கள்.

முதல் காரணம், சோலார் தகட்டில் படிந்த கரிசல் புழுதி, ஈரத்துணியால் துடைக்கவும். அடுத்தது நிழல்: தகடு பதித்த ஆண்டில் இடுப்பளவு இருந்த கருவேலம், இப்போது பகல் இரண்டு மணிக்கே அதன்மேல் நிழல் போடுகிறதா என்று பார்க்கவும். மூன்றாவது, பேட்டரியில் நீர் வற்றியிருப்பது; தட்டுகள் மூழ்கும் வரை வடிநீர் ஊற்ற வேண்டும், கிணற்று நீர் கூடாது. இவை மூன்றும் சரியென்றால் பேட்டரியே வயதாகிவிட்டது. மூன்று நான்கு ஆண்டு உழைத்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

### 4-இ: ஒலி இருக்கிறது, கம்பியில் அழுத்தம் இல்லை

கம்பியில் 5,000 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 3,000-க்குக் கீழே போனால் பன்றி மதிக்காது. அழுத்தம் குறைவாக இருந்தால், வேலியை இயந்திரத்திலிருந்து பிரித்து, இயந்திரத்தின் முனையில் மட்டும் அளக்கவும். அங்கும் குறைவு என்றால் கோளாறு இயந்திரத்திலோ பேட்டரியிலோ இருக்கிறது. அங்கே முழு அழுத்தம் காட்டினால் கோளாறு வேலியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாததால் நல்ல இயந்திரத்தை மாற்றிப் புதியது வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலியில்தான் என்று தெரிந்ததும் முழுச் சுற்றையும் நடந்து தேட வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் கம்பியைப் பிரித்து, இயந்திரத்தோடு சேர்ந்த பாதியை அளக்கவும். அதில் அழுத்தம் ஏறிவிட்டால் கோளாறு மறுபாதியில் இருக்கிறது. அதை மீண்டும் இரண்டாகப் பிரிக்கவும். நான்கைந்து முறை இப்படிப் பிரித்தால் சில வேலிக்கால்களுக்கு இடையே கோளாறு வந்து சிக்கிவிடும். காற்றில்லாத இரவில் நடந்தால், பொறி தாவும் இடத்தில் ‘சட்’, ‘சட்’ என்ற ஒலியே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கும் காரணங்களில் முதலிடம் புல்லுக்கும் கொடிக்கும்தான். மழைக்குப் பிந்தைய பதினைந்து நாட்களில் கீழ்க்கம்பியைக் கோரையும் அறுகும் தொட்டுவிடும். ஒவ்வொரு ஈரப்புல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும். அடுத்து, உடைந்த இன்சுலேட்டர் வழியாகக் கம்பி கல்லுக்காலைத் தொடுவது. பிறகு, துருப்பிடித்த முடிச்சுகள். கடைசியாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க மிகக் கடினமானது வாசல். வண்டி போகும் வழியில் மண்ணுக்கடியில் புதைத்த கம்பி, வீட்டுக்குப் போடும் சாதாரண வயராக இருந்தால், மழை ஈரம் இறங்கியதும் அதன் உறையைத் தாண்டி மின்சாரம் கசியும். மின்வேலிக்கென்று வரும் தடித்த உறையிட்ட கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும். ‘மழை பெய்தால் மட்டும் வேலி வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால், நான் நேராக வாசலுக்குத்தான் போவேன்.

### 4-ஈ: அழுத்தம் 6,000, 7,000 காட்டுகிறது, பன்றி ஷாக் அடிபடாமல் வருகிறது

எர்த் சரியில்லை. மின்சாரம் பன்றியின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக இயந்திரத்துக்குத் திரும்பினால்தான் அடி விழும். ஒன்றரை அடி இரும்புக் கம்பியை மண்ணில் அடித்துவிட்டு எர்த் என்று சொல்லும் வேலிகளே அதிகம். ஆறடிக்குக் குறையாத மூன்று கம்பிகளை, ஒன்றுக்கொன்று பத்தடி இடைவெளியில் அடித்து, ஒன்றாக இணைக்க வேண்டும்.

சோதனை இதுதான்: இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, சில இரும்புக் கம்பிகளை மண்ணில் ஊன்றி வேலியில் சாய்த்து வைத்து, மீண்டும் ஓடவிடவும். வேலியின் அழுத்தம் 2,000-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் சில கம்பிகளைச் சேர்க்கவும். பிறகு எர்த் கம்பிக்கும் அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிய மண்ணுக்கும் இடையே அளக்கவும். 300 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 500-ஐத் தாண்டினால் இன்னொரு கம்பி அடிக்க வேண்டும்.

மாசி, பங்குனியில் கரிசல் காய்ந்து வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும்போது, எத்தனை கம்பி அடித்தாலும் மண் மின்சாரத்தை வாங்காது. எர்த் குழியில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றலாம். ஆனால் பன்றி நிற்கும் மண்ணும் காய்ந்துதானே கிடக்கிறது. ஆகவே வேலிக் கம்பிகளில் ஒன்றை எர்த்தோடு இணைத்து, ஒன்று விட்டு ஒன்று என அமைத்துவிட்டால், இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொடும் பன்றிக்கு மண்ணின் உதவி இல்லாமலேயே அடி விழும். கோடையில் இறவைப் பயிர் வைப்பவர்கள் தொடக்கத்திலேயே இப்படி அமைத்துக்கொள்வது நல்லது.

### 4-உ: அழுத்தமும் எர்த்தும் சரி, அப்படியும் நுழைகிறது

இங்கே கோளாறு கம்பியின் உயரத்தில் இருக்கிறது. பன்றியின் முதுகுமயிரும் தடித்த தோலும் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. அடி விழ வேண்டிய இடம் ஈரமான மூக்கு. கீழ்க்கம்பி மண்ணிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்திலும், அடுத்தது 40 முதல் 45 செ.மீ. உயரத்திலும் இருக்க வேண்டும். மாட்டுக்குப் போட்ட வேலியில் கீழ்க்கம்பி இரண்டடி உயரத்தில் இருக்கும். பன்றிக்கு அது வாசல்.

உயரத்தைக் காலுக்கு அருகில் அளக்காமல், இரண்டு கால்களுக்கு நடுவே அளக்கவும். கம்பி தொய்ந்திருப்பதும் மண் அரித்துப் பள்ளமாகியிருப்பதும் அங்கேதான் தெரியும். ஓடை குறுக்கிடும் இடத்தில் கம்பியை நேராக இழுத்துவிட்டால் அடியில் ஆள் புகும் இடைவெளி விழும். அந்தப் பகுதிக்கு மட்டும் தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் வைத்து, ஓடையில் தண்ணீர் வரும்போது அதை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் தொட்டதும் முழு வேலியும் செத்துவிடும்.

உயரமும் சரியென்றால், வேலி போட்ட நாளைக் கேட்க வேண்டும். பயிரைத் தின்று பழகிய பிறகு போட்ட வேலியைப் பன்றி ஓட்டமாக வந்து பாயும். அடி விழும்போது அதன் உடல் பாதிக்கு மேல் உள்ளே வந்திருக்கும், அடியின் வேகத்தில் முன்னால்தான் தாவும். விதைத்த உடனே வேலி போட்டு, வெறும் நிலத்தைச் சுற்றி வரும்போதே அது கம்பியை மோந்து அடிபட்டால், அந்தக் கூட்டம் கதிர் பிடித்த பிறகும் ஒதுங்கி நிற்கும்.

### மின்வாரியக் கம்பியை நேரடியாக வேலியில் கொடுப்பது

இதற்குப் பிழை நீக்கும் வழி என்று ஒன்றும் இல்லை; கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சோலார் இயந்திரம் நொடிக்கு ஒருமுறை, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டுமே மின்சாரத்தைத் துடிப்பாக விடுகிறது. தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள இடைவெளி இருக்கிறது. மின்வாரியக் கம்பியில் அந்த இடைவெளி இல்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காக வைத்த இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. தண்ணீர் பாய்ச்சப் போன சொந்தக்காரரே சிக்கி இறப்பதும் நம் மாவட்டங்களில் நடக்காததன்று. மின்திருட்டு, வனவிலங்குச் சட்டம், உயிர் போனால் அதற்கான குற்ற வழக்கு என எல்லாம் சேர்ந்து வரும்.

சோலார் வேலிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி, அறிவிக்கப்பட்ட வனப்பகுதியிலிருந்து 5 கி.மீ.க்குள் அமைக்கும் வேலியைப் பதிவு செய்ய வேண்டும். இயந்திரத்தில் இந்தியத் தர நிர்ணய முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கவும்.

## அறிகுறி 5: வேலி அடைத்த பிறகும் உள்ளே புதிய தடம், வெளியிலிருந்து வந்த வழி இல்லை

பன்றி உள்ளேயே இருக்கிறது. ஆள் உயர மக்காச்சோளமும் கரும்பும் அதற்குப் பகல் தங்குமிடம். நீங்கள் வேலியை மூடிய அன்று அது உள்ளே படுத்திருந்திருக்கும். நிலத்தின் நடுவில் புதிதாக உருண்ட சேற்றுக்குழியும், தட்டைகளை ஒடித்துப் பரப்பிய படுக்கையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அது வந்து பழகிய நுழைவிடத்தில் வேலியை அகலமாகத் திறந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பத்துப் பேராவது எதிர்ப்பக்கத்திலிருந்து வரிசையாக, சத்தமிட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வர வேண்டும். திறந்த பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. நாயை விட்டு மடக்க வேண்டாம். மடக்கப்பட்ட ஆண் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றையும் மனிதனின் தொடையையும் ஒரே வீச்சில் கிழித்துவிடும். குட்டிகளோடு பெட்டை இருப்பது தெரிந்தால், விரட்டுவதை விட்டுவிட்டு, இரவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, அது தானாகப் போகக் காத்திருக்கவும்.

## அறிகுறி 6: ஒரு நிலத்தில் தடுத்தால் அடுத்த நிலத்தில் இறங்குகிறது, கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது

இந்தக் கட்டத்தில் தனி ஆளின் வேலி எதையும் தீர்க்காது. பெட்டை ஏறக்குறைய 115 நாளில் ஈனும். ஓர் ஈற்றில் நான்கிலிருந்து ஆறு குட்டி வரை சாதாரணம். ஊரே சேர்ந்து செய்ய வேண்டியது, கண்மாய் உள்வாயிலும் ஓடையிலும் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது. வேரை விட்டுவிட்டு வெட்டினால், முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து இன்னும் நல்ல மறைவாகிவிடும். அறுவடைக் காலத்தில் எடுத்தால் விரட்டப்பட்ட கூட்டம் நேராகப் பயிருக்குள் வரும் என்பதால், கோடையில்தான் எடுக்க வேண்டும்.

கைபேசியில் சுற்றும் அமெரிக்காவின் டெக்ஸாஸ் காணொளிகளைக் காட்டி, ‘ஹெலிகாப்டரில் சுடுகிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பன்றி வந்தேறி. 1539-இல் ஸ்பானியரான ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கூட்டி வந்தவற்றின் வழியில் பெருகத் தொடங்கியது. அதனால் அங்கே சட்டமும் வேறு. இங்கே அது மண்ணுக்குரிய விலங்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. விவசாயி தானே சுடுவதும், சுருக்குக் கம்பி வைப்பதும், அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும் குற்றம். அவுட்டுக்காயைப் பன்றி மட்டும் கடிக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மாடும் கடிக்கும், யானையும் கடிக்கும்.

வனத்துறையை அழைக்க வேண்டிய இடம் இதுதான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு நிலங்களை மூன்றாகப் பிரிக்கிறது. 1 கி.மீ. வரை பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சுடலாம். கரிசல் ஊர்களில் பல மூன்றாவது வகையில் வரும். மனு தனி ஒருவர் பெயரில் போனால் வரிசையில் நிற்கும். புல எண்கள், சேதத்தின் தேதிகள், படங்கள், பன்றி தங்கும் கண்மாயின் பெயர் ஆகியவற்றோடு பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்டு, ஊராட்சி வழியாகப் போனால் களஆய்வு விரைவாக நடக்கிறது. அறிகுறி 1-இல் சொன்னபடி நாங்கள் குச்சி ஊன்றிக் குறித்துவைத்த நுழைவிடங்கள், வருகிற பணியாளர்களுக்கு இரண்டு இரவு வேலையை மிச்சப்படுத்தின.

## அறிகுறி 7: பன்றி செத்தோ காயம்பட்டோ கிடக்கிறது

காயம் எதுவும் இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட பன்றிகள் செத்துக் கிடந்தால், தொடாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லவும். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால்; அது மனிதருக்குப் பரவாது, ஆனால் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு போய் ஊரில் வளர்க்கும் பன்றிகளை அடியோடு அழித்துவிடும். அந்த இறைச்சியை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

காயம்பட்ட பன்றி புதரில் இருப்பது தெரிந்தால் நெருங்க வேண்டாம்; இரத்தத் தடத்தைப் பின்தொடரவும் வேண்டாம். சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, வருகிறவர்களுக்கு இடத்தைக் காட்டத் தூரத்தில் ஒருவர் நின்றால் போதும். கடித்தோ குத்தியோ விட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் சிறியதாக இருந்தாலும், ‘நாய் இல்லையே, பன்றிதானே’ என்று தள்ளிப்போடக் கூடாது.